வாய்க்கால் மேல் ஒரு மாடிப்படி

வாடகைக்கு விடுவதற்காகக் கட்டடம் வாங்குகிறவர்கள் நம்மைக் கூப்பிடும்போது பெரும்பாலும் முடிவெடுத்து முடித்திருப்பார்கள். நல்ல நாள் பார்த்திருப்பார்கள், சொந்தக்காரர்களுக்குச் சொல்லியிருப்பார்கள், மொட்டை மாடித் தண்ணீர்த் தொட்டிக்கு என்ன நிறம் அடிப்பது என்பதுவரை வீட்டில் பேசியிருப்பார்கள். நாம் போய்ச் சுவரைத் தட்டிப் பார்த்து "நல்லாயிருக்கு" என்று சொல்லிவிட்டு வர வேண்டும். நம்மிடம் அவர்கள் எதிர்பார்ப்பது அவ்வளவுதான். புதிதாக மதிப்பீட்டு வேலைக்கு வந்திருக்கும் உங்களுக்கு முதல் வாரத்திலேயே இது புரிந்துவிடும்.

நான் தஞ்சாவூரில் ஓர் என்ஜினியர் அலுவலகத்தில் சேர்ந்து, பிறகு தனியாகத் தொழில் செய்து, வீடு பார்த்தே காலத்தைக் கழித்தவள். பேராவூரணியில் தென்னந்தோப்புக்கு நடுவே கட்டிய வீடுகள், வேளாங்கண்ணியில் யாத்திரிகர்கள் தங்கும் விடுதிகள் என்று பார்க்காதது பாக்கியில்லை. சுவரில் ஈரம் எப்படி ஏறும், உப்புக் காற்று கம்பியை எப்படித் தின்னும் என்றெல்லாம் நான் உங்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. அதற்குப் படிப்பு இருக்கிறது, கருவி இருக்கிறது. கண்டுபிடித்ததை யார் முன்னால், எந்த வார்த்தையில் சொல்வது என்பதற்குத்தான் கருவி எதுவும் வரவில்லை. அதனால் மன்னார்குடியில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன்.

வாங்க வந்தவர் வசந்தி. குவைத்தில் நர்ஸ். மன்னார்குடிக்குப் பக்கத்துக் கிராமம். அப்பாவும் அம்மாவும் நடவுக்கும் களையெடுப்புக்கும் போய்ப் படிக்க வைத்த பெண். கணவர் இல்லை. பத்தாம் வகுப்பு முடித்திருந்த மகள், வசந்தியின் தம்பி முருகேசன் வீட்டில் வளர்ந்துகொண்டிருந்தாள். கல்லூரிக்குப் பக்கத்தில் நான்கு குடித்தனம் இருக்கும் ஒரு மாடி வீட்டை வாங்கிவிட்டால், அந்த வாடகையை நம்பி வேலையை விட்டுவிட்டு ஊரோடு வந்துவிடலாம் என்பது அவர் திட்டம். லீவு முடிய ஒரு வாரம்தான் பாக்கி. வீடு அமையவில்லை என்றால் இன்னொரு ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு விமானம் ஏற வேண்டும். ஏறினால் மகள் பள்ளிப்படிப்பை முடிக்கும்போதுதான் திரும்ப முடியும்.

விற்பவர் ரத்தினசாமி. முன்பு ரைஸ்மில் வைத்திருந்தவர். தெருமுனையில் நின்று சிரித்தால் கடைத்தெருவில் கேட்கும். சென்னையில் இருக்கும் மகன் கூப்பிட்டுக்கொண்டே இருந்ததால் சொத்தையெல்லாம் விற்றுவிட்டு மனைவியோடு அங்கே போய்விடலாம் என்று முடிவு செய்திருந்தார்.

மே மாதக் காலை. போனவுடன் ரத்தினசாமி தன் வீட்டிலிருந்து காபியோடு வந்துவிட்டார். "மொதல்ல காபி, அப்புறம் கட்டடம்" என்றார். நான் வேலை முடித்துவிட்டுக் குடிக்கிறேன் என்றேன். இதை உங்களுக்கும் சொல்லி வைக்கிறேன். விற்பவர் வீட்டுக் காபி தொண்டையில் இறங்கிய பிறகு நம் வாயிலிருந்து வரும் வார்த்தையில் தானாகவே சர்க்கரை கலந்துவிடும்.

கட்டடம் புதிதாகப் பெயின்ட் அடித்து மணமேடை மாதிரி நின்றது. அஸ்திவாரம், தளம், தூண் எல்லாம் திடமாக இருந்தன. ரத்தினசாமி கஞ்சத்தனம் பண்ணாமல் கட்டியிருந்தார். கீழே இரண்டு குடித்தனம், மேலே இரண்டு. கீழ்வீடு ஒன்றில் ஷகிலா என்று ஒரு பெண், கணவரோடு இருந்தார். முன்னறையில் தையல் மெஷின் போட்டு ஜாக்கெட் தைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தார். அவர் வீட்டுப் பீரோ செங்கல் மேல் நின்றது. தையல் மெஷினுக்குப் பக்கத்தில் ஒரு முக்காலி. துணி மூட்டையெல்லாம் அதன் மேல். பக்கத்துக் குடித்தனத்திலும் பீரோ செங்கல் மேல்தான். ஃப்ரிட்ஜும் அப்படியே. இரண்டு வீட்டிலும் ஒரே உயரம்.

"என்னம்மா, பீரோவ இவ்வளவு ஒசத்தி வச்சிருக்கீங்க?" என்று ஷகிலாவைக் கேட்டேன்.

அவர் ஒரு தடவை ரத்தினசாமியைப் பார்த்துவிட்டு, "கீழ கூட்டறதுக்கு வசதியா இருக்கும்ங்க" என்றார்.

மாடிக்குப் போனோம். அங்கே இரண்டு வீட்டிலும் பீரோ தரையிலேயே நின்றது. மாடியில் இருப்பவர்கள் வீடு கூட்டவே மாட்டார்கள் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

மாடிப்படி கட்டடத்துக்கு வெளியே, பக்கத்துச் சந்தில் இறங்கியது. சந்து என்று சொன்னது ரத்தினசாமி. எனக்கு அப்படித் தோன்றவில்லை. சாலையை விட நன்றாகத் தாழ்ந்திருந்தது. சாலை ஓரத்தில் குப்பைக்கு அடியில் ஒரு பழைய செங்கல் வளைவின் மேல் நுனி மட்டும் தெரிந்தது. நான் வசந்தியைக் கூப்பிட்டேன். அவர் படியை விட்டு இறங்கி வந்து, குனிந்து ஒரு புல்லைப் பிடுங்கிப் பார்த்தார்.

"இது கோரைங்க. தண்ணி நிக்காத எடத்துல இது வராது" என்றார். கொஞ்ச தூரம் நடந்துபோய்க் கட்டடத்தின் பின்பக்கம் எட்டிப் பார்த்தார். அங்கே வயல் வெடித்துக் கிடந்தது. திரும்பி வந்தபோது முகம் மாறியிருந்தது. "அந்த வயல் தண்ணியெல்லாம் வடியறது இந்த வழியாத்தான். இது சந்து இல்லீங்க மேடம், வாய்க்கால்."

"ஆமா" என்றேன். "மாடிப்படி அது மேலதான் நிக்குது."

நீர்வழிப் புறம்போக்கில் ஒரு கல் இருந்தாலும் என்ன ஆகும் என்று உங்களுக்குத் தெரியும். அபராதம் கட்டி ஒழுங்குபடுத்திக்கொள்ளலாம் என்ற பேச்சே அங்கே கிடையாது. என்றைக்காவது ஒரு நோட்டீஸ் வரும், படியை இடிப்பார்கள். மேலே குடியிருப்பவர்கள் ஏறவும் முடியாது, இறங்கவும் முடியாது. அது ஒரு பக்கம். தண்ணீர் போகிற வழியில் படியைக் கட்டி அடைத்துவிட்டதால், மழைக்காலத்தில் அது கீழ்வீட்டுக்குள் புகுந்து வேறு வழி தேடிக்கொள்கிறது. செங்கல் மேல் ஏறி நின்ற பீரோவின் கதை அதுதான்.

முன்பக்கம் போர்ட்டிகோவில் நாற்காலி போட்டு எல்லோரும் உட்கார்ந்திருந்தார்கள். முருகேசன் அட்வான்ஸோடு வந்திருந்தார். ரத்தினசாமி வீட்டுத் தாம்பாளத்தில் வெற்றிலை பாக்கு, பழம். நல்ல நேரம் முடிவதற்குள் கைமாற வேண்டும்.

"என்னம்மா, எப்படி நம்ம கட்டடம்?" என்று ரத்தினசாமி சிரித்தார். "காலையில கூட இன்னொரு பார்ட்டி போன் பண்ணினான். நான்தான், அந்தப் பொண்ணுக்கு வாக்குக் குடுத்துட்டேன்னு சொல்லிட்டேன். ஒத்த வார்த்தையில சொல்லுங்க."

அந்த நிமிஷத்தில் நமக்கு இரண்டு வழி தெரியும். ஒன்று, "அறிக்கை அனுப்பறேன்" என்று சொல்லிவிட்டு நழுவி, வாங்குகிறவரிடம் போனில் ரகசியமாகச் சொல்வது. பெரும்பாலான நாளில் அதுதான் சரி. நமக்குக் கூலி கொடுப்பவர் வாங்குகிறவர், நம் பேச்சும் அவரோடுதான். இன்னொன்று, அங்கேயே உடைத்துச் சொல்வது. படி வாய்க்கால் மேல் நிற்பது வசந்திக்குத் தெரிந்துவிட்டது, அதனால் என்ன ஆகும் என்பது தெரியாது. அன்றைக்கு அதை ரகசியமாகச் சொல்லிக்கொள்ளலாம் என்று நான் விட்டிருந்தால், அறிக்கை வருவதற்குள் தாம்பாளம் கைமாறியிருக்கும். மாறாவிட்டாலும், வசந்தி ஏதோ சாக்குச் சொல்லி நழுவுகிறார் என்று ரத்தினசாமி நினைத்திருப்பார். அவரை ஏமாற்றுக்காரர் என்று வசந்தியின் வீட்டில் நினைத்திருப்பார்கள். அவரைப் பார்த்தால் எனக்கு ஏமாற்றுகிறவராகத் தெரியவில்லை. அவருக்கே தெரியாதோ என்ற சந்தேகம்தான் இருந்தது. வசந்தியைப் பார்த்தேன். அவர் தலையசைத்தார். அதனால் சொல்ல ஆரம்பித்தேன்.

"ஐயா, கட்டடம் நல்ல கட்டடம். நீங்க மனசாரக் கட்டியிருக்கீங்க. அதுல எனக்கு ஒரு குறையும் இல்ல. மாடிப்படி இருக்கிற எடம்தான் உங்களது இல்ல."

சிரிப்பு நின்றது. "என்னம்மா சொல்றீங்க? இருபது வருஷமா அங்கதான் இருக்கு. எவனும் ஒரு கேள்வி கேக்கல."

"அனுமதி வாங்கின பிளான்ல படி உள்ளதானே இருந்துச்சு?"

அவர் கொஞ்சம் யோசித்தார். "உள்ள வச்சா ஒரு ரூம் போயிடும்னு மேஸ்திரிதான் சொன்னான். அது சும்மா கெடந்த எடம்."

முருகேசனுக்குப் பொறுக்கவில்லை. எழுந்து நின்றுவிட்டார். "மேடம், குறை இல்லாத வீடு எதுங்க? ஊருல பாதி வீடு இப்படித்தான் இருக்கு. நீங்க இப்ப வேணாம்னு சொல்லிட்டுப் பஸ் ஏறிடுவீங்க. எங்க அக்கா அடுத்த வாரம் பிளேன் ஏறிடும். எங்க வீட்டுல ஒரு புள்ள அம்மா எப்ப வரும்னு காலண்டரப் பாத்துக்கிட்டு ஒக்காந்திருக்கு. அதுக்கு நீங்க என்ன பதில் சொல்லுவீங்க?"

அவர் பணத்துக்காகவோ புரோக்கருக்காகவோ அவசரப்படவில்லை. அக்காவை ஊரில் நிறுத்த வேண்டும் என்ற ஒரே எண்ணம்தான். அப்படிப்பட்டவர்களுக்குப் பதில் சொல்வதுதான் நம் தொழிலில் மிகவும் கஷ்டம். வார்த்தையைத் தேடி எடுத்துச் சொன்னேன்.

"வாங்காதீங்கன்னு நான் சொல்லலீங்க. இன்னிக்கு வாங்காதீங்கன்னு சொல்றேன். பெயின்ட் போனா அடிச்சுக்கலாம், குழாய் ஒழுகினா மாத்திக்கலாம். அரசாங்கம் அது என் எடம்னு சொன்னா, நம்மகிட்ட பேச ஒண்ணுமே இருக்காது. அந்தப் படி அங்க இருக்கிற வரைக்கும் இந்த வீட்டுக்கு மழையும் ஆபத்து, நோட்டீஸும் ஆபத்து."

"மழை எங்கம்மா வந்துச்சு இந்த வீட்டுக்குள்ள?" என்றார் ரத்தினசாமி, இப்போது கோபமாகவே.

யாரும் எதிர்பார்க்காதபோது வசந்தி எழுந்து ஷகிலா வீட்டு வாசலுக்குப் போனார். ஆஸ்பத்திரியில் நோயாளியிடம் வலி எங்கே என்று கேட்கிற அதே குரலில் கேட்டார். "அக்கா, பயப்படாம சொல்லுங்க. இந்த வீட்ட நான் வாங்கினாலும் வாங்காட்டியும் உங்களக் காலி பண்ணச் சொல்ல மாட்டேன். தண்ணி வருமா?"

ஷகிலா கையில் இருந்த துணியை மடித்து வைத்தார். பிறகு முழங்காலுக்குக் கீழே கையை வைத்துக் காட்டினார். "இவ்வளவு வரும்ங்க. ஐப்பசி, கார்த்திகையில. வந்தா உடனே போகாது."

ரத்தினசாமி நாற்காலியிலிருந்து பாதி எழுந்தார். "ஏம்மா, இத்தன வருஷம் இருக்கியே, என்கிட்ட ஏன் ஒரு வார்த்த சொல்லல?"

"சொன்னா, புடிக்கலன்னா காலி பண்ணிக்கன்னு சொல்லிடுவீங்களோன்னு பயம் ஐயா. எழுத்துல ஒண்ணும் கெடயாது. இந்த வாடகைக்கு இந்தத் தெருவுல வேற எங்க போறது? தையலுக்கு வர்றவங்கள்லாம் இங்கதானே இருக்காங்க."

ரத்தினசாமி முழுக்க எழுந்துவிட்டார். தாம்பாளத்தைக் கையில் எடுத்துக்கொண்டு, செருப்பைக் கூடச் சரியாகப் போடாமல் தெருவில் இறங்கிப் போய்விட்டார். முருகேசன் என்னைப் பஸ் ஸ்டாண்டில் விட்டுவிடுவதாகக் காலையில் சொல்லியிருந்தார். அந்தப் பேச்சை அவரும் எடுக்கவில்லை, நானும் எடுக்கவில்லை. வெயிலில் நடந்தே போனேன். தஞ்சாவூர் போய்ச் சேரும்வரை அந்தப் பெண் காலண்டரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதுதான் கண்ணில் நின்றது. சொன்னது சரி என்று தெரியும். ஆனாலும் மனசு சும்மா இருக்காது. உங்களுக்கும் அப்படி நாட்கள் வரும். அன்றைக்கு வீட்டுக்குப் போய் நன்றாகச் சாப்பிட்டுத் தூங்குங்கள். வேறு வைத்தியம் எனக்குத் தெரியவில்லை.

அடுத்த வாரம் வசந்தி போன் செய்தார். விமான நிலையத்திலிருந்து பேசுகிறாரோ என்று பயந்துகொண்டே எடுத்தேன். பின்னால் சேவல் கூவியது.

"மேடம், நான் போகல. இங்கயே ஒரு தனியார் ஆஸ்பத்திரியில சேந்துட்டேன். சம்பளம் கம்மிதான். ஆனா யோசிச்சுப் பாத்தேன். வீடு அமைஞ்சாத்தான் ஊருக்கு வரணும்னு எவன் சட்டம் போட்டான்? நானாத்தானே போட்டுக்கிட்டேன்!"

"மக என்ன சொன்னா?"

"'அப்ப இனிமே தெனமும் நீயே தல பின்னி விடுவியா?'ன்னு கேட்டா. ஆமான்னேன். 'மாமா பின்னினா ஒரு பக்கம் கோணலா இருக்கும்'னா." சொல்லிவிட்டு அவர் சிரித்த சிரிப்பில் எனக்கும் ஒரு பாரம் இறங்கியது.

இதற்குப் பிறகு நடந்ததை நான் எதிர்பார்க்கவே இல்லை. ரத்தினசாமி என் வீட்டு வாசலில் வந்து நின்றார். கையில் வீட்டு பிளான், முகத்தில் இன்னும் கொஞ்சம் கோபம்.

"வாங்கறவங்களுக்குப் பாத்துச் சொன்னீங்கல்ல? இப்ப விக்கறவனுக்குப் பாத்துச் சொல்லுங்க. என்னென்ன பண்ணணும்?"

உட்காரச் சொன்னேன். காபி கொடுத்தேன். அவர் தயங்காமல் குடித்தார். "ஷகிலா சொன்னத எங்க வீட்டுல சொன்னேம்மா. எங்க வீட்டம்மா சாப்பாட்ட வச்சுட்டு, 'தண்ணியில நின்னு தச்ச காசுலயா நாம இவ்வளவு நாளா சாப்பிட்டோம்'னு கேட்டுட்டா. அதுக்கப்புறம் எனக்கு எப்படிங்க எறங்கும்?"

"அந்த இன்னொரு பார்ட்டி என்ன ஆனாருங்க?" என்று கேட்டேன்.

அவர் பழைய சிரிப்பைச் சிரித்தார். "அப்படி ஒருத்தன் இருந்தாத்தானே!"

பிறகு அவரை யாராலும் பிடிக்க முடியவில்லை. முதலில் சர்வேயரை வைத்து அளந்தார். படி முழுக்க வாய்க்காலில்தான் நின்றது. அவரே ஆள் வைத்து இடித்தார். அனுமதி வாங்கிய பிளானில் இருந்தபடியே உள்ளே புதுப்படி கட்டினார். மாடியில் ஓர் அறை போனது. போனால் போகட்டும் என்றார். நகராட்சியில் எழுதிக் கொடுத்து, வாய்க்காலில் இருந்த மண்ணையும் குப்பையையும் எடுக்க வைத்தார். சாலைக்கு அடியில் தண்ணீர் போவதற்காகக் கட்டி, மண்மூடிக் கிடந்த அந்தச் செங்கல் வளைவு திறந்துகொண்டது. நான்கு குடித்தனத்துக்கும் தனித்தனி மீட்டர் வைத்தார். எல்லோரோடும் வாடகை ஒப்பந்தம் எழுதி முறையாகப் பதிவும் செய்தார். வேலை நடக்கும்போது மணலில் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டு, போகிற வருகிறவர்களிடமெல்லாம், "வாய்க்கால் மேல கட்டியிருந்தேன், இடிக்கிறேன்" என்று அவரே சொல்லிக்கொண்டிருந்தார்.

வேலை முடிந்ததும் வசந்தியைக் கூப்பிட்டு, பேசிய விலைக்கே தருவதாகச் சொன்னார். வசந்தி நல்ல கெட்டிக்காரி. "ஒரு மழை பாத்துட்டு வாங்கிக்கறேன் ஐயா" என்றார். ரத்தினசாமி முறைத்தார். பிறகு, "பாத்துக்க" என்றார். இதையும் நீங்கள் எழுதி வைத்துக்கொள்ளலாம். இந்த ஊரில் கோடையில் பார்த்த வீட்டை மழைக்காலத்தில் இன்னொரு தடவை பார்க்காமல் வாங்கச் சொல்லாதீர்கள்.

கார்த்திகையில் நல்ல மழை. வசந்தி கூப்பிட்டார். போனில் இரைச்சல்தான் கேட்டது. "என்னம்மா, வீட்டுக்குள்ள வந்துடுச்சா?" என்று கத்தினேன்.

"இல்ல மேடம்! வாய்க்கால்ல போகுது! சும்மா சுழிச்சுக்கிட்டுப் போகுது! அந்தச் சத்தத்தக் கேளுங்கன்னுதான் போன அதுகிட்ட காமிச்சேன்." பக்கத்தில் முருகேசன் குரல் கேட்டது. "மேடம், நான்தான் தம்பி பேசறேன். அன்னிக்கு உங்கள வெயில்ல நடக்க விட்டுட்டேன். அடுத்த தடவ வந்தா தஞ்சாவூருக்கே கொண்டாந்து விடறேன்." சொன்னபடியே செய்தார். தை மாதம் பத்திரப்பதிவுக்குப் போனபோது காரில் கொண்டுவந்து விட்டதோடு, வழியெல்லாம் தனக்கு ஒரு மனை பார்த்துக் கொடுக்கும்படி நச்சரித்துக்கொண்டே வந்தார்.

இத்தோடு கதை முடிந்துவிட்டது என்றுதான் நானும் நினைத்தேன்.

சென்னைக்குப் போன ரத்தினசாமியால் அங்கே நிலைக்க முடியவில்லை. மகனும் மருமகளும் நன்றாகத்தான் பார்த்துக்கொண்டார்கள். ஆனால் பதினோராம் மாடியில் நின்று சிரித்தால் யாருக்கும் கேட்கவில்லை. கணவனும் மனைவியும் ஊருக்குத் திரும்பினார்கள். திரும்பினால் குடியிருக்க வீடில்லை, எல்லாவற்றையும் விற்றாகிவிட்டது. வசந்தியின் கட்டடத்தில் மாடியில் ஒரு குடித்தனம் காலியாக இருந்தது. வாடகை ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு, தான் கட்டிய வீட்டுக்கே குடிவந்துவிட்டார்.

வந்த பத்து நாளில் எனக்கு ஒரு போன்.

"ஏம்மா, நீங்கதானே இந்தக் கட்டடத்தப் பாத்து நல்லாயிருக்குன்னு சொன்னது? சமையல்கட்டுல மனுஷன் நிக்க முடியுதா? காத்தே வரல. தாளிச்சா கண்ணு எரியுது. பகல்லயே லைட் போட வேண்டியிருக்கு. ஒரு ஜன்னல் கூட வைக்காம எந்த அறிவுகெட்டவன் இதக் கட்டினான்?"

நான் வாயைத் திறப்பதற்குள் பின்னாலிருந்து அவர் மனைவியின் குரல் வந்தது.

"வாடகை மட்டும் வாங்கினாரு, ஒரு நாளாவது இந்த அடுப்படியில வந்து நின்னுருப்பாரா? கேளுங்கம்மா, நல்லாக் கேளுங்க!"

ரத்தினசாமி சிரிக்க ஆரம்பித்தார். நானும் சிரித்தேன். அடுத்த ஞாயிற்றுக்கிழமை வசந்தி கொத்தனாரை அனுப்பிவிட்டார். கீழ்வீடுகளுக்கு ஏற்கெனவே ஜன்னல் போட்டாகிவிட்டதாம், அடுத்தது மாடிதான் என்று வைத்திருந்தாராம். சுவரை உடைக்கும்போது ரத்தினசாமி பக்கத்திலேயே நின்றுகொண்டு, "இன்னும் கொஞ்சம் பெருசா ஒடைப்பா" என்று சொல்லிக்கொண்டிருந்ததாக அவர் மனைவி எனக்குச் சொன்னார்.